புலாலும் பாலும்
(சைவாசிரியர் கூட்டமொன்றிற் செய்த உபந்நியாசம்)



யாழ்ப்பாணத்து அடுக்களைகளிலே நாடோறும் கேட்கப்படும் வினாவொன்று உண்டு. "இன்றைக்குச் சைவமோ, மச்சமோ?" என்பதே அது. சிவபெருமானை முழுமுதற் கடவுளாகக் கொண்டொழுகும் நெறிக்குப் பெயராகிய சைவம் என்னுஞ் சொல், நம்மவர் நாவிலே மரக்கறிச் சோற்றுக்கும் பெயராயிற்று. சமயத்தின் பெயரே உணவின் பெயராக வழங்குதல் நமக்குப் பெருமை தருவது என்று யான் பலகாலும் மேடைகளிற் பேசியதுண்டு. இப்பொழுது அப்பெருமையோடு ஓர் அச்சமும் உண்டு. என்னையெனின், அச்சொல் நம்மை இருவகையாக மயக்குகின்றது. வெள்ளிக்கிழமையில் மச்சம் விலக்கினவன், தன் கடன் தீர்ந்ததென்று சனிக்கிழமை காலையிலே சந்தைக்குப் போகின்றான். என்றும் மச்சம் விலக்கினவனோ, தான் உண்பது சைவச் சாப்பாடாதலின் எவ்வளவு உண்டாலும் தேகத்துக்குத் தீங்கில்லை என்று எண்ணிவிடுகின்றான். முன்னவனைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். பின்னவனைப் பற்றிப் பேசுவார் அரியர். அப்பின்னவன் யானே.

பன்னிரண்டாம் வயதிலே சமயதீக்ஷை பெற்ற நாள் தொடக்கம் யான் மச்சந் தீண்டியதில்லை. ஐம்பத்துநான்காம் வயதிலே, மாடிப்படி ஏறுகையில் மூச்சு முட்டுகின்றதென்று வைத்தியரொருவரிடம் போனேன். அவர் இரத்தப் பரிசோதனைக் கடதாசியைப் பார்த்துவிட்டு, "இறைச்சி அதிகம் உண்பதுண்டோ?" என்று கேட்டார். எனக்குக் கோபமே வந்தது. நெற்றியில் விபூதியைக் கண்டும் இப்படிக் கேட்கின்றாரே என்று, என் விரதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன். அவர் பொறுமையோடு கேட்டிருந்து, "அப்படியாயின், காலை தொடங்கி இரவு வரையும் உண்பன குடிப்பன யாவை?" என்றார். பால்தேநீர் நான்கு கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி, பருப்பிலே நெய், மதியம் தயிர், இரவு பிட்டோடு பால், இடையிடையே கோயிற் பிரசாதமாகிய பொங்கல், வடை, மோதகம் என்று சொல்லச் சொல்ல என் குரல் தாழ்ந்தது. "ஆட்டை விட்டீர்கள் ஐயா, ஆனால் மாட்டின் கொழுப்பை விட்டிலீர்" என்றார் அவர். அவ்வார்த்தை இன்றும் என் செவியில் நிற்கின்றது.

அன்றிரவு, கணிதம் படிப்பித்தவனாதலின், கடதாசியில் ஒரு கணக்கிட்டேன். முழுக்கொழுப்புப் பால்மா என்பது நூற்றுக்கு 26 பங்கேனும் கொழுப்புடையது. கோப்பைக்கு 15 கிராம் வீதம் நான்கு கோப்பைக்கு 60 கிராம் பால்மா. அதிலே கொழுப்பு 15 கிராமுக்கு மேல். பாற்கொழுப்பின் மூன்றிலிரண்டு பங்களவு நிரம்பிய கொழுப்பு. அதாவது இரத்தத்திலே தீய கொலஸ்திரோலை ஏற்றும் இயல்பினது. உலக சுகாதார நிறுவனம் அதனை ஒருநாளுணவின் முழுச் சத்தியிற் பத்திலொன்றுக்கு உட்படுத்துக என்கின்றது. 2000 கலோரி உண்பவனுக்கு அது ஏறத்தாழ 22 கிராம். யானோ சோற்றில் ஒரு பிடி எடுக்குமுன்னரே, தேநீரில் மாத்திரம் அதிற் பாதியளவை விழுங்கியிருந்தேன். நெய்யையுந் தயிரையும் எழுதத் தொடங்கி, இடையிலே எழுதுகோலை வைத்துவிட்டேன்.

இனி, புலாலைப் பற்றி வைத்திய சாத்திரம் கூறுவதைப் பார்ப்போம். 2015 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், பத்து நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர் கூடி, எண்ணூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை நோக்கினர். உப்பிட்டும் புகையிட்டும் மருந்திட்டும் பதனிட்ட இறைச்சி, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று நிச்சயித்தனர். மாடு, ஆடு, பன்றி முதலியவற்றின் செவ்விறைச்சி அங்ஙனம் விளைக்கக்கூடும் என்றனர். பதனிட்ட இறைச்சி நாடோறும் 50 கிராம் உண்பவர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டளவு கூடுகின்றதாம். இங்கே ஓர் எச்சரிக்கை. இது, நூறு பேர் உண்டாற் பதினெண்மர் நோயுறுவர் என்பதன்று. உண்ணாதவர்க்கு உள்ள வாய்ப்பின்மேல் அவ்வளவு மிகுகின்றது என்பதே பொருள். மேடையிலே இதனைப் பெருக்கிப் பேசுவோர் உளர். பிள்ளைகள் வளர்ந்து தாமே வாசித்து அறியும்போது, நாம் பெருக்கிச் சொன்ன ஒன்றினால் மெய்யாகச் சொன்ன ஒன்பதும் பொய்யாகிவிடும்.

நம்மூரிலே செவ்விறைச்சியை நாடோறும் உண்பவர் சிலரே. ஆயினும் பட்டினத்திலும் பாடசாலை வாயிலிலும் இப்பொழுது விற்கப்படும் சொசேச்சு, இறைச்சி வைத்த றோல்சு, நள்ளிரவுக் கொத்துறொட்டி என்பன நமது பாட்டனார் அறியாதன. கொடிகாமம், சாவகச்சேரிச் சந்தைகளிலே மரக்கறி குவிந்து கிடக்க, பிள்ளைகள் கடையிலே தகரத்தில் அடைத்ததை வாங்குவதைக் காணும்போது மனம் நோகின்றது.

மீனைப் பற்றி யாது சொல்வோம்? இவ்விடத்திலேதான் ஆசிரியராகிய நம்முடைய வாய்மை சோதிக்கப்படுகின்றது. மீன் தேகத்துக்கு ஆகாது என்று வைத்திய சாத்திரம் சொல்லவில்லை. செவ்விறைச்சிக்குப் பதிலாக மீனுண்டல் இருதயத்துக்கு நல்லதென்றே வைத்தியர் கூறுவர். ஆகவே, "மீன் தின்றால் நோய் வரும்" என்று வகுப்பிலே சொல்லும் ஆசிரியர், நல்ல நோக்கத்தோடு ஒரு பொய்யைச் சொல்லுகின்றார். நாம் மீனை விலக்குவது, அதுவும் உயிராதலின். அவ்வொரு காரணம் போதாதோ? திருக்குறளிலே புலான்மறுத்தல் 26 ஆம் அதிகாரமாகத் துறவறவியலில் இருக்கின்றது. உண்ணும் அளவும் செரிக்கும் அளவும் பேசும் மருந்து என்னும் அதிகாரமோ 95 ஆவதாகப் பொருட்பாலில் இருக்கின்றது. அருளுக்கு ஓரிடம், ஆரோக்கியத்துக்கு ஓரிடம் என்று வள்ளுவர் வேறு வேறு வைத்தார். நாமோ இரண்டையும் ஒரு பாத்திரத்திலிட்டுக் கலக்கி, ஒன்றின் பலவீனத்தை மற்றதன் பலத்தால் மறைக்கப் பார்க்கின்றோம். ஆறுமுகநாவலரவர்களும் நான்காம் பாலபாடத்திலே புலாலுண்ணலைக் கொலை, கள்ளுண்ணல் முதலியவற்றோடு சேர்த்துப் பாவமென்றே கண்டித்தார்கள்.

அது கிடக்க. பாலுக்கு வருவோம். பாலைக் குறைக்கச் சொல்லுதல் சைவர்க்குத் தகுமோ என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கின்றது எனக்குத் தெரிகின்றது. சம்பந்தப்பிள்ளையார் சீகாழித் திருக்குளக்கரையிலே உண்டது பால். உபமன்னியர் அழுது பெற்றது பாற்கடல். பஞ்சகௌவியமின்றி அபிஷேகமேது? இவையாவும் உண்மையே. கோயிற் பாலைக் குறைக்கும்படி யான் சொல்ல வரவில்லை. நான்காவது கோப்பைத் தேநீரைக் குறைக்கவே சொல்லுகின்றேன். அபிஷேகப் பாலுக்கும் அலுமாரியிலிருக்கும் பால்மாப் பெட்டிக்கும் யாது சம்பந்தம்?

சண்டேசுரநாயனாருடைய சரிதத்தைச் சிறிது நினைமின்கள். சேய்ஞலூரிலே, ஆயன் ஒருவன் பசுவொன்றைக் கோலால் அடிக்கக் கண்டு பொறாராய், விசாரசருமர் தாமே ஆநிரையை மேய்க்கும் தொழிலை மேற்கொண்டார். அன்போடு மேய்க்கவே பசுக்கள் முன்னையினும் மிகப் பால் சொரிந்தன. மணலாற் செய்த இலிங்கத்துக்கு அவர் ஆட்டிய பின்னும், உடையவர்க்குக் கொடுக்கும் பால் குறையவில்லை. அங்கே பாலுக்கு முன்னே பசு நிற்கின்றது. திருவாரூரிலே மனுநீதிகண்ட சோழர் தம்முடைய ஒரே புதல்வனைத் தேர்க்காலில் இட்டது எதற்காக? ஒரு கன்றுக்காக அன்றோ?

இப்போது நாம் தேநீரிற் கலக்கும் பால்மாவோ பெரும்பாலும் புறநாட்டிலிருந்து, விசேடமாக நியூசிலாந்திலிருந்து, வருவது. பசு கன்று ஈன்றாலன்றிப் பால் சுரவாது. ஈன்ற கன்று காளைக்கன்றாயின் பாற்பண்ணைக்கு உதவாது. ஆதலால் அவற்றுள் மிகப்பலவற்றைப் பிறந்த சில நாட்களிலே கொலைக்களத்துக்கு அனுப்புதல் அந்நாட்டுப் பாற்றொழிலில் வழக்கமாயிருக்கின்றது. கன்று குடித்த பின்பு கறந்த நம் பாட்டியாருடைய பாலும் இதுவும் ஒன்றல்ல. வெள்ளிக்கிழமையில் மச்சம் விலக்கி, நெற்றி நிறைய நீறு பூசி, நாம் குடிக்கும் பால்தேநீருக்குப் பின்னே அக்கன்று நிற்கின்றது. இதனை அறிந்தபின் எனக்கு அது பழைய இனிப்போடு இறங்கவில்லை. 2021, 2022 ஆம் ஆண்டுகளிலே பால்மாவுக்காக நாம் வரிசையில் நின்றதும், கிடையாமல் வெறுந்தேநீரோடு திரும்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அக்காலத்திலே நம்மில் எவரும் பால்தேநீர் இல்லாமையால் நலிந்ததை யான் கண்டிலேன்.

மேலும், குழவிப் பருவங் கழிந்தபின் பாலிலுள்ள இலற்றோசு என்னுஞ் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் உலக மக்களுள் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கினர்க்குக் குறைந்துவிடுகின்றது. பால் குடித்தால் வயிறு ஊதுகின்றது என்னும் பிள்ளையை, "பாலை வேண்டாமென்கின்றாயோ" என்று கண்டியாதிருங்கள். அப்பிள்ளை பொய் சொல்லவில்லை. தயிரிலும் மோரிலும் அச்சர்க்கரை குறைவு.

பாலின் நன்மையை யான் மறுக்கவில்லை. அது தரும் கல்சியமும் புரதமும் சிறந்தன. ஆனால் அவை பாலில் மாத்திரம் இருப்பன அல்ல. நூறு கிராம் பாலிலே கல்சியம் 120 மில்லிகிராமளவு. நூறு கிராம் குரக்கன் மாவிலே 300 மில்லிகிராமுக்கு மேல். தோல் நீக்காத எள்ளிலே அதனினும் பன்மடங்கு. பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் விட்டு உழுத்தங்களி கொடுத்தவரும், எள்ளுப்பாகு பிடித்து வைத்தவரும் கல்சியம் என்னும் பெயரைக் கேட்டவரல்லர். முருங்கையிலை வறை, அகத்தியிலைச் சொதி, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, இலைக்கஞ்சி என்பனவெல்லாம் வேலியிலும் வயல்வரம்பிலும் நமக்குக் கிடைப்பன. பசளி போன்ற சில கீரைகளிலுள்ள கல்சியம் ஒட்சாலிக்கமிலத்தால் உடம்பிற் சேராது தடைப்படும் என்பதையும் சொல்லவேண்டும். ஆதலின் ஒரே கீரையை நம்பாது மாற்றி மாற்றி உண்க. புரதத்தைப் பற்றிய பயமும் வேண்டா. பயறு, பருப்பு, கௌபீ, கடலை என்பவற்றில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேற் புரதம் உண்டு. சோற்றிலே குறைவான கூறு பருப்பிலே உண்டு. பருப்பிலே குறைவான கூறு சோற்றிலே உண்டு. சோறும் பருப்பும் என்னும் பழைய கூட்டு அவ்வளவில் நிறைவுடையது. அதனுடன் தேசிக்காய்ப் புளி பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அச்சத்துத் தடைப்படும். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒருமணி நேரம் தள்ளிவைத்தல் பாலைக் குறைப்பதினும் எளிது.

சோயாமீற் என்று ஒன்று விற்கின்றார்கள். சத்தில்லாததன்று. ஆனால் மச்சத்தை விட்டவர்க்கு மச்சத்தின் பெயரும் உருவும் நாறலும் ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை. (இதனை என் மனையாள் ஒப்புக்கொள்ளுகின்றிலள். விரதகாலத்துக்கு அது வசதி என்பது அவள் கட்சி.)

பாலைக் குறைத்தவர் செய்யும் பிழை ஒன்று உண்டு. பசும்பாலின் இடத்திலே தேங்காய்ப்பாலை இரட்டிப்பாக வார்த்தல். தேங்காயெண்ணெயிலே நூற்றுக்கு எண்பது பங்கினும் மேல் நிரம்பிய கொழுப்பு, நெய்யிற்கூட அறுபதளவே. வைத்தியரிடம் போய்வந்த முதல் மாதத்திலே யான் செய்ததும் இதுவே. பாலை விட்டேன் என்று மகிழ்ந்து, கெட்டிச் சொதியாகக் குடித்தேன். மறுமாதக் கடதாசியிலே எண்கள் அசையவில்லை. முதற்பாலை ஒரு கறிக்கு மாத்திரம் வைத்து, மற்றவற்றை வறையாகவும் அவியலாகவும் வெள்ளைக்கறியாகவும் நீர்ப்பாலிற் சமைக்கத் தொடங்கிய பின்பே அவை இறங்கின. வடகம், அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் என்னும் உப்புக் கூட்டத்தையும் வைத்தியர் குறைப்பித்தார். நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு உட்படவேண்டுமாம். அதுதான் எனக்கு எல்லாவற்றினும் அரிதாயிருந்தது.

இனி, மறைக்கக்கூடாத ஒன்றைச் சொல்லுகின்றேன். விற்றமின் பீ 12 என்னுஞ் சத்து, இறைச்சி, மீன், முட்டை, பால் என்பவற்றிலன்றி மரக்கறியில் நம்பத்தக்க அளவிற் கிடைப்பதில்லை. அது குறைந்தால் இரத்தஞ் சோரும், கைகால் விறைக்கும், ஞாபகமும் மழுங்கும். மச்சத்தை முற்றாக விட்டவர்க்குப் பாலும் தயிருமே அதற்கு வாயில். ஆகையால் யான் பாலைக் குறைக்கச் சொல்லுகின்றேனேயன்றி ஒழிக்கச் சொல்லவில்லை. முற்றாக ஒழிப்பவர் வைத்தியரைக் கேட்டு அச்சத்தை மருந்தாகக் கொள்ளவேண்டும். அது நெறிக்கு இழுக்கன்று. 2019 ஆம் ஆண்டிலே பதினாறு நாடுகளைச் சேர்ந்த 37 அறிஞர் கூடி வகுத்த உணவுமுறையிலும், செவ்விறைச்சி நாளொன்றுக்கு 14 கிராமளவாகச் சுருங்கியிருக்க, பால் 250 கிராமளவு நிற்கின்றது. அது ஏறத்தாழ ஒரு கோப்பை.

சிறு குழந்தைகளுக்கு இவ்வுபதேசம் ஆகாது. ஆறுமாதம் வரையும் தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா. இரண்டு வயதும் அதன் மேலும் பிற உணவோடு தாய்ப்பால் தொடரலாம். வளரும் பிள்ளை, கர்ப்பிணி, நோயால் மெலிந்தவர் என்போருடைய கோப்பையில் வைத்தியரைக் கேளாமற் கை வையாதீர்கள். வீட்டிலே ஒரு கோப்பைப் பாலே உளதாயின், அதனைக் குறைக்க வேண்டியவர் உபாத்தியாயர், பிள்ளையல்லர்.

இவ்வளவும் சொன்னபின், என்னுடைய பிழையொன்றைச் சொல்லாது விடின் இவ்வுபந்நியாசம் பொய்யாகும். சில வருடங்களுக்கு முன், ஏழாந் தர வகுப்பிலே சைவநெறிப் பாடத்தில் புலால் மறுத்தலைப் படிப்பித்தேன். படிப்பித்த உற்சாகத்திலே, "இவ்வாரம் மச்சம் உண்டவர் கையை உயர்த்துக" என்றேன். பலர் உயர்த்தினர், சிரித்துக்கொண்டு கையை இறக்கினர். கடைசி வாங்கிலிருந்த ஒரு பெண்பிள்ளை மாத்திரம் சிரிக்கவில்லை. அவள் தகப்பனார் கடற்றொழிலாளர். வகுப்பார் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாட் தொடக்கம் அவள் மதியச் சோறு கொண்டுவருவதை விட்டாள். ஒருவாரம் கழித்தே யான் அதனை அறிந்தேன். கேட்டபோது, "பசியில்லை சேர்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் பெரியபுராணத்தை எடுத்தேன். நாகப்பட்டினத்துக் கடற்கரையிலே, நுளைப்பாடியிலே, வலைவீசி வாழ்ந்த அதிபத்தர், அகப்பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார். ஒரேயொரு மீன் அகப்பட்ட நாளிலும் பசியோடு அதனை விட்டார். அவர் அறுபத்துமூவருள் ஒருவர். நம் கோயில்களிலே அவருக்கும் பூசை நடக்கின்றது. கண்ணப்பரைக் காட்டி, "அவர் இறைச்சி படைத்தாரே, நாமும் உண்டாலென்ன" என்று வாதாடுவோருக்கு யான் பலமுறை விடை சொல்லியிருக்கின்றேன்; அவருடைய அன்பு நமக்கில்லை, அவருடைய இறைச்சியை மாத்திரம் ஏன் கேட்கின்றாய் என்று. அவ்விடையிலே எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அன்றைக்கு அக்கேள்வி என்னையே திரும்பிப் பார்த்தது. அவருடைய இறைச்சியை விட்டவன், அவருடைய அன்பில் எவ்வளவு பெற்றேன்? மீன் விற்ற காசிலே கொப்பி வாங்கிப் படிக்கும் பிள்ளையை, மீனுக்கிரங்குகின்றேன் என்று சொல்லிப் பட்டினி போட்டேன். உயிர்க்கிரக்கம் என்னுஞ் சொல்லுக்குள் அவள் உயிர் அடங்காதோ?

அது முதல் யான் வகுப்பிலே எவரையுங் கையுயர்த்தச் சொல்வதில்லை. யான் கொண்டுபோகும் மதியச் சோற்றை உபாத்தியாயர் அறையில் உண்ணாது, இடைவேளையிலே வகுப்பிலேயே பிள்ளைகளோடு இருந்து உண்ணுகின்றேன். குத்தரிசிச் சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு காய். அவ்வளவே. முதலிற் சில பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு, "இது என்ன இலை சேர்?" என்று கேட்டார்கள். தவசி முருங்கையைப் பெயரால் அறிந்த பிள்ளை அவ்வகுப்பில் ஒன்றுமில்லை. வேலியிலிருந்து ஒரு கொப்பு முறித்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

கடைசி வாங்குப் பிள்ளை மூன்றாவது வாரத்திலே தன் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள், மீன்குழம்பு. யான் ஒன்றுஞ் சொல்லவில்லை. என்னுடைய முருங்கையிலை வறையில் ஒரு கரண்டி எடுத்து அவள் பெட்டியின் மூடியில் வைத்தேன். உண்டு பார்த்து, "உப்புக் காணாது சேர்" என்றாள்.